ஓணானுக்கு வெள்ளிக்கிழமை

பரமட்டா போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. மனைவி கொதித்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்குட்டி கேட்ட பிள்ளைக்கு ஓணானோ?"

"நாய் மயிருக்கு அவளுக்கு இழுப்பு வருமப்பா. இது நல்ல சாது."

"என்ன தின்னும்?"

"உயிரோட வெட்டுக்கிளி."

"வெள்ளிக்கிழமையுமோ? நாங்கள் முட்டைகூடத் தொடாத நாளில என்ர வீட்டுக்குள்ள உயிர்க்கொலையோ?"

"வெள்ளியில கீரை குடுப்பம்."

"தின்னுமெண்டு ஆர் கண்டது?"

"காலமை கடையில குடுத்துப் பாத்தனான்."

"அப்ப வாங்கியாச்சு."

கணவர் என் பக்கத்து இருக்கையில் தான் வைத்திருந்த துணிப்பையைப் பார்த்தார். உள்ளே ஏதோ சுரண்டியது.

பல்லியைக் கண்டாலே நாற்காலியில் ஏறுகிற வீரன் நான். நான்கு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்கிவிட்டேன். கதவு மூடும்போது அந்த அம்மா பையைப் பார்த்துச் சொன்னார்:

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. உனக்கும் கீரைதான்."