எழுபத்தெட்டு கிலோ முனிரத்தினம்

அலோ… அலோ… ரத்தினமா? நான்தாண்டா, சடகோபன். … ஆமா ஆமா, திருப்பதியிலதான் கீறேன், கங்கையா ஷெட்ல. … வண்டியா? எல்லாம் ஆயிடுச்சு, போல்ட்டு முறுக்கறது ஒண்ணுதான் பாக்கி. … அது கெடக்கட்டும். நீ எங்க கீற?

… வூட்லயா? … நகரியிலயா? … அடப் பாவமே. முட்டி வலி இன்னும் விடலியா?

… ஆமா… ஆமா… எழுந்து நிக்கவே முடியலியா! … தைலம் தேய்ச்சியா? … கால நீட்டிப் படுத்துக்கினு கீறியா? அப்பிடியே இருப்பா, அசையாத. … கோதை தங்கச்சி எங்க? … கோயிலுக்கா? இந்த வெயில்லயா? நட சாத்தியிருப்பாங்களே. … ஓ, தொறக்கற வரைக்கும் வெளியில குந்திக்கினு இருப்பாளா. சரி சரி. நல்ல பக்தி.

ஏன் ரத்தினம், அங்க இன்னா டிக் டிக்குனு ஒரு சத்தம்? … செவுத்துக் கடியாரமா? … நல்ல கடியாரம்டா. தோ, நின்னுடுச்சு பாரு. … இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன், வண்டி வளைவு தாண்டுனதும் நின்னுடற கடியாரத்த எந்தக் கடையில வாங்குன?

… வெக்காத! போன வெச்சேன்னா இப்பவே ரோட்ல போயி குறுக்கால படுத்துடுவேன்! செவப்புக் காரு. புதுக்காரு. பூச போட்ட குங்குமம் இன்னும் காயல. உன் மாப்பிள ஹரிபாபு ஓட்டறான், முன் சீட்ல நீ குந்திக்கினு கீற! பத்து நிமிசம் ஆவல. எலுமிச்சம்பழம் வாங்கலாம்னு ரோட்டுக்கு வந்தேன், எதுத்தாப்ல சிக்னல்ல நிக்குது.

… நானா? எப்பிடி அடையாளம் தெரிஞ்சுதா? மூஞ்சி தெரியல, ஒத்துக்கறேன். கைதான் தெரிஞ்சுது. ஜன்னலுக்கு வெளிய ஒரு கை. செம்பு மோதரம். வேர்க்கடலத் தோல ரோட்ல உதுத்துட்டு, கதவ ரெண்டு தட்டு தட்டுச்சு. டொக்கு டொக்கு. பத்தொம்பது வருசமா என் கதவுல தட்டுன கைடா அது! தட்டித் தட்டி அந்த எடத்துல பெயிண்டே போயி, தகரமும் தேஞ்சு, இப்ப வெரல வுட்டா உள்ள போவுது. அந்தக் கை இன்னிக்கு வேற கதவத் தட்டுது!

… சும்மாரு. … சும்மாருன்னா! … தறி சத்தத்துல பாதி காத வுட்டவன் நீ, உனக்கு அந்த இண்டிகேட்டரு சத்தம் கேக்காது. எனக்குக் கேக்கும். … ஆங், இப்ப வந்தியா வழிக்கு. கார்லதான் கீற. முட்டி வலி? … அதுவும் பொய்யா? … அரை வலியா! அரை வலின்னு ஒரு வலிய இப்பதான் கேக்கறேன்.

ரத்தினம், உனக்காகத்தாண்டா நான் வண்டிய அடியோட பிரிச்சேன். போன மாசம் இன்னா சொன்ன? சனிக்கெழம நாராயணவனம் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது, "சடகோபா, ரோட்ல எறும்பு படுத்திருந்தாக்கூட என் இடுப்புக்குத் தெரியுது"ன்னு சொன்னியா இல்லியா? … சொன்ன. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல. காலையில ஓட்டிக்கினு வந்து கங்கையாகிட்ட வுட்டேன். அவன் ஷாக் அப்சார்பர கழட்டி கையில புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனான் பாரு… உள்ள போனது போனதுதான். வெளிய வரவேயில்ல. என்ன மாதிரி ரிட்டயர் ஆயிட்டுப் படுத்துக்கிச்சு. ஸ்பிரிங்கு ஒரு சுத்து ஒடஞ்சு கெடக்குது. புஷ்ஷுன்னு ஒரு ரப்பரு கீதில்ல, அது மென்னு துப்புன வெத்தல மாதிரி வெளிய வருது. மூணு லட்சத்து நாப்பதாயிரம் கிலோமீட்டரு! இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தா நாம நாலு பேரும் நெலாவுல எறங்கி டீ குடிச்சிருக்கலாம். கங்கையா கையெடுத்துக் கும்பிட்டுட்டான். "சாரு, இது இத்தினி நாளா ஸ்பிரிங்குல ஓடல, உங்க நாலு பேரு நட்புல ஓடிக்கினு கீது"ன்னான்.

… சரி, அப்பிடிச் சொல்லல. ஆனா நெனச்சான். மூஞ்சில தெரிஞ்சுது.

எல்லாம் புதுசுடா இப்ப. நாலு ஷாக்கு, நாலு ஸ்பிரிங்கு, அடியில கீற ரப்பரு பூரா. … நான் எதுக்குக் கத்தறேனா? நீ வரணும்னு நேத்தே சொன்னனா இல்லியா? கங்கையா வழக்கம் உனக்குத் தெரியாதா? சக்கரம் தொங்கும்போது அவன் அந்த ரப்பரு போல்ட்ட முறுக்க மாட்டான். தொங்கவுட்டு முறுக்கினா, கீழ எறக்குனதும் ரப்பரு முறுக்கிக்கினே நிக்கும், ஆறு மாசத்துல கிழிஞ்சுடும். அதனால வண்டியத் தரையில நிக்க வெச்சு, தெனம் குந்தறவங்க யாரோ அவங்கள அவங்கவங்க எடத்துல குந்த வெச்சுத்தான் முறுக்குவான். காலையில கூட கேட்டான், "சாரு, இனிமே முன்னாடி யாரு குந்துவாங்க?"ன்னு. கூறுகெட்டவன், இது ஒரு கேள்வியா, ரத்தினம்தான்னு சொன்னேன். அவன் ஒரு மாதிரி பாத்தான். ஸ்பானர தேடறான்னு நெனச்சேன்.

கன்னையாவும் சீனுவும் பின் சீட்ல ஒரு மணி நேரமா குந்திக்கினு கீறாங்க. வேர்த்து ஊத்தி, ஆளுக்கு அர கிலோ எடை கொறஞ்சே போயிருக்கும், திரும்ப முறுக்கணும் போலக் கீது. என் எடம் ரெடி. உன் எடத்துல இன்னா கீது தெரியுமா? அரிசி மூட்ட. இருவத்தாறு கிலோ மூட்ட மூணு, பக்கத்துக் கடையில கேட்டு வாங்கி அடுக்கி, பெல்ட்டும் போட்டாச்சு. மூணு இருவத்தாறு எழுபத்தெட்டு. … உன் எடை எனக்குத் தெரியாதா? சித்தூரு மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடையில முப்பத்தோரு வருசம் குந்தினவன்டா நான். லாரி கேட்டு தாண்டும்போதே உள்ள எத்தினி டன்னு மாங்காய், டிரைவரு இன்னா துன்னான் எல்லாம் சொல்லுவேன். நீ எழுபத்தெட்டு. கடல துன்னா எழுபத்தெட்டர.

ஆகு கங்கையா, கொஞ்சம் இரு, ஒக்க நிமிசம்… ரத்தினம்தான் பேசறான்… ஆமா, மணி நாலாவுது, தெரியுது. அஞ்சு மணிக்கு நீ சித்தூருக்குக் கெளம்பணும், தெரியுது. … ரத்தினம், அவன் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம், ஷெட்ட பூட்டிக்கினு போனா நாலு நாள் தொறக்க மாட்டான். நாளைக்கு சனிக்கெழம. புரியுதா?

இன்னொண்ணு கேக்கணும். பின் சீட்ல நாலு பொட்டி பாத்தேன். ஃபேனு பொட்டி. உன் வூட்ல ஃபேனு நல்லாத்தான சுத்துது? நாலு எதுக்கு? … அலோ? … ரத்தினம்? … போன யாருகிட்டடா குடுக்கற?

… யாரு? … தங்கச்சியா? அடடா, நீயும் கார்லதான் கீறியாம்மா! கோயிலு அவ்வளவு வேகமா போவுதா! … இல்லம்மா, உன்ன ஒண்ணியும் சொல்லல. உன்னச் சொல்லுவனா? … சொல்லும்மா. … பொண்ணு நந்திதாவுக்கா? புது வூடா? … ஆமா, மாப்பிளைக்கு ஸ்ரீ சிட்டியில வேலைன்னு தெரியும். … தடா பக்கமா. … மூணாவது மாடியா. லிஃப்டு கீதா? … நல்லது. நல்லதும்மா. புள்ளைங்க கூட இருக்கறது நல்லதுதான். பால் எப்ப காய்ச்சறீங்க? … வர்ற புதன்கெழமையா.

… நீங்களும் அங்கியே போறீங்களா? ரெண்டு பேருமேவா? … திரும்பி…

… சரிம்மா. … இல்ல, இல்ல, எனக்கொண்ணுமில்ல. வெயிலு. அவன்கிட்ட குடு.

… ம்.

… சொல்லுடா. … ம். … ம். … எப்ப முடிவு பண்ண? … சித்திரையிலயா? மூணு மாசமா? மூணு மாசமா ஒவ்வொரு சனிக்கெழமையும் என் பக்கத்துல குந்திக்கினு கடல துன்னியேடா! தோல உரிச்சு என் கையில வேற குடுத்தியே!

இரு. … ஏய் கன்னையா! உனக்குத் தெரியுமா? … தலையக் குனியறான் பாரு. சீனு, உனக்கு? … ரத்தினம், சீனுவுக்குப் பத்திரிக வெச்சியா? … வாயில சொன்னியா? அவன் புதன்கெழம வரேன்னு சட்டைய இஸ்திரிக்கே குடுத்துட்டானாம்! கங்கையா, நீக்கு தெலுசா? … இவனுக்கும் தெரியுமாண்டா! மெக்கானிக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்குது, அதான் காலையில அப்பிடிக் கேட்டான், யாரு குந்துவாங்கன்னு! ஷெட்டு வாசல்ல ஒரு நாய் படுத்துக்கினு கீது, அதுவும் என்னப் பாக்க மாட்டேங்குது. அதுக்கும் தெரியும். ஊரு பூரா தெரியும். ஒரே ஒரு மடையன் எலுமிச்சம்பழத்தோட ரோட்ல நிக்கறான்.

ஏன் ரத்தினம்? அத மட்டும் சொல்லு. ஏன் எனக்கு மட்டும் சொல்லல?

… இன்னா? … திரும்பச் சொல்லு. … நான் ஊதிப் பெரிசாக்குவனா? … தடான்னு சொன்னா நான் அமெரிக்கான்னு சொல்லியிருப்பனா? … மாப்பிள வூடுன்னா மாளிகன்னு… ஊரு சிரிச்சிருக்குமா… கேலி பேசுவானுங்களேன்னு பயந்தியா…

… அமெரிக்கான்னு சொல்லியிருக்க மாட்டேன்டா. … சிங்கப்பூரு வரைக்கும் போயிருப்பேன். அதுவும் வாரம் ஒரு தடவதான்.

சரி, நான் அப்பிடித்தான். ஒண்ண ஒம்பதாக்குவேன். ஆனா ஒண்ணு சொல்றேன், இது ஒண்ணு ஒண்ணாவே கீது, நான் ஒண்ணியும் சேக்கல. என் வண்டியில லெஃப்டு பக்கம் பின்னாடி பாக்கற கண்ணாடி ஒடஞ்சு ஏழு வருசமாவுது. தெரியுமில்ல? … ஏன் மாத்தல? கெடைக்காமலா? நீ கீறன்னு மாத்தல. "வா வா"ன்னுவ, திருப்புவேன். "லாரி, நில்லு"ன்னுவ, மிதிச்சுடுவேன். ஏழு வருசத்துல ஒரு தடவகூட நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. லாரி இல்லன்னு நீ சொன்னா இல்ல, அவ்வளவுதான். அந்த வாயிதாண்டா இன்னிக்கு முட்டி வலின்னுச்சு. கோயிலுன்னுச்சு. கடியாரம்னுச்சு!

… அழுவாத. எனக்கு வேற வேல கீது. … நீ ஒண்ணும் வரவேணாம். … வேணாம்னு சொல்றனில்ல? மூட்டைய வெச்சே முறுக்கிக்கறேன். கங்கையா, கானி, ஆவட்டும், முறுக்கு! … மூட்ட நல்ல மூட்டடா. கடல துன்னாது, கதவத் தட்டாது, எனக்குத் தெரியாம ஃபேனு வாங்காது. நாளைக்கு அதத்தான் நாராயணவனத்துக்குக் கூட்டிக்கினு போவேன். பொங்கலு வாங்கிக் குடுப்பேன்.

… இன்னா? … சனிக்கெழம சனிக்கெழம பஸ்ல வருவியா? தடாவுலேந்து? ரெண்டு பஸ்ஸு மாறியா? அரை வலி முட்டிய வெச்சுக்கினு? … திரும்பப் பொய் சொல்ற பாரு. … மாசத்துக்கு ஒரு தடவயா? … ம். அது கொஞ்சம் நெசம் மாதிரி கீது.

… இரு, கங்கையா இன்னாமோ சொல்றான். … ஏமி? … மூட்டைய வெச்சு முறுக்கினா சரியா வராதாம். மூட்ட ஆடாம அசையாம குந்துதாம். ஆளு குந்தினாத்தான் வண்டி ஆளு மாதிரி எறங்குமாம். இவனுக்கும் உன்மேல இன்னா பாசம்னு தெரியல.

கேளுடா. இப்ப உன் எடைக்கு முறுக்கினா, ரப்பரு அந்த அளவுல நின்னுடும். அப்புறம் அந்த சீட்டு காலியா போச்சுன்னா, லெஃப்டு பக்கம் ஒரு மொழம் தூக்கிக்கினு போவும் வண்டி. … சரி, ஒரு முடி அளவு. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எடைமேடையில குந்தினவன். … தூக்கிக்கினே போவட்டும். புத்தூரு டீக்கடையில கேட்டா, இது முனிரத்தினம் ஏமாத்திட்டுப் போன எடம்னு சொல்லிக்கினே போவேன். நீ செத்தாலும் வுட மாட்டேன்.

மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. மன்னிக்கல. பத்து நிமிசம் வந்து குந்து, கங்கையா முறுக்கட்டும், எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கிட்டு நீ போ. புதன்கெழம நான் வர மாட்டேன். … வந்தாலும் பால் குடிக்க மாட்டேன். … சக்கர கம்மியா போட்டா யோசிக்கலாம்.

… இரு. அது இன்னா சத்தம்? டிக் டிக்குனு. … எங்க திருப்பறான்? … யூ டர்னா? … நான் இன்னும் பேசியே முடிக்கலியேடா, அதுக்குள்ள… சரி. சரி சரி. மெதுவா. அங்க பஸ்ஸுங்க கண்ணு மண்ணு தெரியாம வரும், மாப்பிள புதுசு. நீ எட்டிப் பாத்துச் சொல்லு அவனுக்கு. லாரி கீதா? … இல்லியா? … நல்லாப் பாத்தியா? … அப்ப திருப்பச் சொல்லு. நீ சொன்னா சரியாத்தான்…

அலோ? … அலோ?

வெச்சுட்டான். … கங்கையா, அந்த மூட்டைங்கள எறக்கு.