மூணு லைட்டும் பத்து ஆம்பியரும்

— போச்சு! எல்லாம் போச்சு! நாடகம் நின்னுச்சு. இறங்கி வா, மூட்டையைக் கட்டலாம்.

— ஏணி மேல நிக்கறவளைப் பாத்து இப்படியா கத்துவீங்க? என்ன போச்சு?

— இந்த மூணு லைட்லயும் எத்தனை வாட்ஸ்னு எழுதினது அழிஞ்சு போச்சுன்னு புலம்பினியே, பொண்டாட்டிக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நானே மீட்டரை வச்சுப் பாத்தேன். நாலு ஓம் காட்டுது. இருநூத்தி முப்பது வோல்ட்டை நாலால வகுத்தா ஐம்பத்தேழு ஆம்பியர்! இந்த மண்டபத்து ஃபியூஸ் வெறும் பத்து. ஒரு லைட்டைப் போட்டாலே படார்!

— எரியவிட்டுப் பாத்தீங்களா, அணைச்சு வச்சுப் பாத்தீங்களா?

— எரியறப்போ கை வச்சா ஷாக் அடிக்காதா? கழட்டி மேஜை மேல வச்சுத்தான் பாத்தேன்.

— அதானே பாத்தேன். உள்ள இருக்கற கம்பி ஆறிக் கிடக்கும்போது ஓம் கொஞ்சமாத்தான் காட்டும். வெள்ளையாக் காய்ஞ்சு எரியும்போது பத்துப் பன்னெண்டு மடங்கு ஏறிடும். பொறுங்க, இறங்கறேன். ஒத்தை லைட்டை மட்டும் மாட்டியிருக்கேன், ஸ்விட்சைப் போடுங்க.

— நானா? காலையில ஒத்திகையில மூணையும் போட்டு ஃபியூஸ் போனப்பவே, இன்னொரு தடவை போனா மண்டபத்தைப் பூட்டிடுவேன்னு மண்டபத்துக்காரர் குதிச்சுட்டுப் போயிருக்காரு.

— ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாது. போடுங்க.

— போட்டாச்சு. அட, போகலையே!

— ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டற இந்தக் கிளாம்ப் மீட்டரை ஒத்தை ஒயர்ல மட்டும் மாட்டறேன்... நாலு புள்ளி ஆறு ஆம்பியர். வோல்ட் இருநூத்தி முப்பது. வகுத்தா ஐம்பது ஓம். பெருக்கினா ஆயிரத்து ஐம்பத்தெட்டு. ஆக, இது ஆயிரம் வாட்ஸ் லைட். மத்த ரெண்டும் இதே ஜாதிதான்.

— மனசுக்குள்ளயேவா வகுத்த? அடேங்கப்பா! எனக்கு வசனமே நிக்க மாட்டேங்குது.

— ஐஸ் வைக்காதீங்க. ரெண்டு போட்டா ஒன்பது புள்ளி ரெண்டு, தாங்கும். மூணு போட்டா கிட்டத்தட்ட பதினாலு, தாங்காது.

— ஃபியூஸ்ல கொஞ்சம் தடிமனா ஒரு கம்பியைச் சுத்திவிடேன்.

— மண்டபத்தோட சேத்து ஜனத்தையும் கொளுத்தவா? சுவத்துக்குள்ள ஓடற ஒயர் அவ்வளவு மெல்லிசு.

— அப்ப கடைசிக் காட்சி? ராஜா நான் நடுவுல சாகறேன், மகளுங்க ரெண்டு பேரும் ரெண்டு ஓரத்துல. ஒருத்தி இருட்டுல நின்னு அழுவாளா?

— அதான் நானும் யோசிக்கறேன். வேற நாளா இருந்தா எப்படியாவது சமாளிச்சுடுவேன். இன்னைக்குப் பெரிய அரங்கத்து மேனேஜர் வர்றாரே! அவர் சரின்னு தலையாட்டினா ஒரே இடத்துல வேலை, இந்த லாரி வாழ்க்கைக்கு ஒரு முழுக்கு. இன்னைக்குப் பாத்து சொதப்பினா, இத்தனை வருஷம் நீங்க பட்ட பாடெல்லாம் என்னத்துக்கு?

— என் மூஞ்சி இருட்டுலதான் லட்சணமா இருக்கும்னு எங்கம்மாவே சொல்லுவாங்க.

— பொறுங்க, கொஞ்சம் வாயை மூடுங்க... ஓரத்து ரெண்டு லைட்டுக்கும் தனித்தனியா கரண்ட் குடுக்காம, ஒண்ணு வழியா இன்னொண்ணுக்குப் போற மாதிரி கோத்தா? ஆளுக்குப் பாதி வோல்ட்தான் கிடைக்கும்.

— மங்கிடுமே!

— மங்கட்டுமே. ராஜா சாகக் கிடக்கறாரு, அங்க ஜெகஜ்ஜோதியாவா இருக்கும்? மெயினை அணைங்க முதல்ல. இந்தா... கோத்தாச்சு. இப்பப் போடுங்க.

— அம்மாடியோ! இது லைட்டா, சாயங்கால வெயிலா? எனக்கே அழுகை வருதே!

— ராத்திரிக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க. எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கலாம்.

— இரு, இரு, நான் சொல்றேன்! ஐம்பதும் ஐம்பதும் நூறு ஓம். இருநூத்தி முப்பதை நூறால வகுத்தா ரெண்டு புள்ளி மூணு!

— மீட்டர் மூணு புள்ளி ஒண்ணுங்குது.

— அப்ப மீட்டர் கெட்டுப்போச்சு.

— கெட்டுச்சு உங்க புத்தி. பாதி வோல்ட்ல கம்பி அவ்வளவு காயலையே, அப்ப ஓமும் குறையும்ல? ரெண்டும் சேந்து எழுபத்துநாலுதான் வருது. நடு லைட் நாலு புள்ளி ஆறு, இது மூணு புள்ளி ஒண்ணு. மொத்தம் ஏழு புள்ளி ஏழு. பத்துக்குள்ள அடக்கம். மூணும் எரியும்!

— எப்படிடி உனக்கு இதெல்லாம் தோணுது? ஊர் ஊரா கைதட்டு வாங்கறது நான். கடைசி வரிசைக்குப் பின்னாடி உக்காந்து என்னை ராஜாவாக் காட்டறது நீ. ஒரு ஆளாவது உன்னைத் திரும்பிப் பாத்திருப்பானா?

— ஆரம்பிச்சுட்டீங்களா வசனத்தை? போய் மீசையை ஒட்டுங்க. நடு லைட் முழுசும் உங்களுக்குத்தான். அதை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. அந்த மேனேஜர் கண்ணு உங்களை விட்டு அங்க இங்க போகக் கூடாது, சொல்லிட்டேன்.

— போகட்டும்டி. என்னை அவர் போன தடவையே பாத்துட்டு வேண்டாம்னுட்டாரு. லைட் போட்டது யாருன்னு கேட்டாரு. இன்னைக்கு வர்றது உன்னைப் பாக்கத்தான்.