அக்காவுக்குக் கொடுக்காத எண்

பழத்தோட்ட உற்பத்தியாளர் கூட்டமைப்பின் உறுப்பினர் விவரப் பிரிவைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்குரிய அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உளமார வாசித்தளிக்கும் மடல்.

கதவுக்குத் தாழாய், காவலுக்குக் காவலாய் நின்றவரே, சொல்லாதிருப்பதையே சொல்வன்மையாகக் கொண்டவரே, வணக்கம்.

இந்த மடலில் உங்கள் பெயர் இல்லை. அவையோர் அதைப் பிழையென்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே சற்று நேரம் உங்களைப் பற்றி அவர்களிடம் பேசுகிறோம்; நீங்கள் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருங்கள்.

போன வாரம் இம்மடலின் வரைவை அக்காவிடம் காட்டினோம். சிவப்புப் பேனாவை எடுத்தார். பிறந்த தேதியை அடித்தார். “வயசு எதுக்கு? எனக்கு வரனா பாக்கப்போறீங்க?” குடியிருக்கும் தெருவை அடித்தார். வலிக்கும் முழங்காலோடு மாடியேறி வந்தார் என்று உருக்கமாக எழுதியிருந்தோம். “என் முட்டி என் சொந்த விவரம்” என்று அதையும் அடித்தார். கடைசியில் பெயரையே அடித்தபோது தட்டச்சர் தாங்கமாட்டாமல், “இப்படியே போனா வணக்கம் மட்டுந்தான்க்கா மிஞ்சும்” என்றார்.

“மிஞ்சட்டும். அது ஊருக்கே தெரிஞ்சது.”

தோட்டக்காரர் ஒருவர் கூட்டமைப்பில் சேரும்போது தம் கைப்பேசி எண்ணைத் தருகிறார். நிலத்தின் அளவு, வங்கிக் கணக்கு, தமக்குப் பின் எல்லாம் யாருக்கு என்பது, எந்த மரத்தில் நோய் கண்டது என்பது வரை ஒப்படைக்கிறார். அத்தனையும் அக்காவின் பொறுப்பில் இருந்தன. கேட்டு வந்தவர்களுக்கும் குறைவில்லை. பூச்சிமருந்து விற்பவர் ஒருவர் பழக்கூடையோடு வந்து, “நம்பர் மட்டும் குடுங்கம்மா, அவங்க நல்லதுக்குத்தான்” என்றார். “உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, அவங்ககிட்ட சேர்த்துடறோம். நல்லதுன்னு தோணினா அவங்களே கூப்பிடுவாங்க” என்றார் அக்கா. அதுவே பின்னாளில் எங்கள் விதியாயிற்று. பழக்கூடையும் வந்த வழியே போயிற்று. அதில் மட்டும் எங்களுக்குச் சிறிது வருத்தம்.

ஆனால் பிறர் வாழ்க்கையைப் பூட்டிவைப்பவர் தாமும் அந்தப் பூட்டுக்குள்ளேயே குடியிருக்க நேர்கிறது. மதியத்தில் நாங்கள் நீள மேசையில் உண்டு சிரிக்கையில், அக்கா ஜன்னலோரம் தனியே உண்டார். கூப்பிட்டால், “பேச்சுவாக்குல ஏதாவது வந்துடும்ப்பா” என்பார். மழைநாளில் விளக்கெரியும் வீட்டைத் தெருவில் நின்று பார்ப்பவர்போல எங்களைப் பார்ப்பார். கடைத்தெருவில் உறுப்பினர் எதிர்ப்பட்டால், அவர் முதலில் சிரிக்கும்வரை அக்கா சிரிப்பதில்லை; தெரிந்தவர் என்று காட்டிக்கொள்வதும் அவர் விருப்பம் அல்லவா? கணவர் தன்னைக் கைவிட்டதை ஒரு பெண் அழுதபடி வந்து சொன்னார். அந்தக் கணவர் தம் படிவத்தில் வாரிசுப் பெயரை மாற்றிய நாளிலேயே அக்காவுக்கு அது தெரியும். இருந்தும் முதன்முறை கேட்பவராய் முழுவதும் கேட்டார்.

அக்காவுக்கு ஒரு தங்கை. பெற்றோருக்குப் பின் ஏதோ ஒரு சொல்லால் இருவரும் பிரிந்தார்கள். அந்தச் சொல்லும் சிவப்புப் பேனாவுக்கு இரையாயிற்று. தங்கை எங்கிருக்கிறார் என்றே தெரியாமல் இருந்த காலத்தில், ஒரு காலை புதிய விண்ணப்பங்களுக்கு நடுவே அவர் பெயர் வந்தது. எண்ணும் முகவரியும் கூடவே இருந்தன. அக்கா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலாளரிடம் போய், அந்த ஒன்றை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் அலுவலக ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. “கையில நம்பரை வெச்சுக்கிட்டு ஏன்க்கா இப்படி? ஒரு போன் போட்டா குடியா முழுகிடும்?”

“அந்த நம்பரை அவ கூட்டமைப்புக்குக் குடுத்தா. அக்காவுக்குக் குடுக்கல.”

“அப்ப உங்க நம்பரை அவங்ககிட்ட சேர்க்கச் சொல்லுங்க. நீங்க வெச்ச விதிதானே?”

“உள்ள இருக்கறவளே கேட்டா, தன் காகிதத்தைத் துழாவிட்டான்னு நினைப்பா. பயந்து கூட்டமைப்பை விட்டே விலகிடுவா. பழத்துக்கு நல்ல விலை கிடைக்காது, காப்பீடும் போயிடும். என்னால அவளுக்கு அது வேண்டாம்.”

பின்னொரு பருவத்தில் ஆலங்கட்டி மழை தோட்டங்களை அடித்து நொறுக்கியது. உறுப்பினர் ஒவ்வொருவரையும் அழைத்து நலம் கேட்டோம். தங்கை பெயர் இருந்த பக்கம் தட்டச்சரிடம் போயிற்று. அவர் அழைத்து முடிக்கும்வரை அக்கா கதவருகே எதையோ தேடுபவர்போல நின்றிருந்தார். தங்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று விதித்தவர் அவரே. தட்டச்சர் தொலைபேசியை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்: “என் பக்கத்துல எல்லாரும் நல்லாருக்காங்க. எல்லாரும்.”

“இவ்வளவு சொன்னதே அதிகம்” என்றார் அக்கா. பிறகு முகம் கழுவப் போனார்.

இந்தப் பகுதி முழுவதையும் அவர் அடித்துவிடுவார் என்றே நினைத்தோம். பேனா வெகுநேரம் தாளுக்கு மேலே நின்றது. தங்கை என்ன பழம் வளர்க்கிறார் என்ற வரியை மட்டும் அடித்தார்.

“மத்தது இருக்கட்டும். இது என் கதை, நான் குடுக்கலாம். இந்த மடலைச் சட்டம் போட்டு எங்க மாட்டுவீங்க?”

“உங்க அறையிலதான்க்கா.”

“அங்க வேண்டாம். வெளிய, உறுப்பினருங்க காத்திருக்கிற பெஞ்சுக்கு எதிர்ல மாட்டுங்க. யாராவது உக்காந்து படிப்பாங்க.”

அக்கா, இனி மீண்டும் உங்களோடு பேசுகிறோம். நோயும் நொடியும் அண்டாமல், நல்ல உறக்கமும் நல்ல பசியும் நாளும் உடனிருக்க, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். உண்ணும் வேளையில் எதிரே ஒருவர் அமர்ந்து பேச வேண்டும். மடல் நீங்கள் சொன்ன இடத்தில், அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராகவே தொங்கும். அதைப் படித்துவிட்டு வந்து யார் கேட்டாலும் உங்கள் எண்ணைத் தர மாட்டோம், ஒருவரைத் தவிர. அதற்கு நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த ஒப்புதல் எங்களிடம் இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பில்,
கூட்டமைப்பின் பணியாளர்கள்