உங்கள் மாமாவின் கீபோர்டு

இந்த ஊர் ஈரத்துக்கு லேப்டாப் கீபோர்டு கெட்டுப்போவது ஒன்றும் அதிசயமில்லை, மாப்பிள்ளை. சைகோனின் இந்தக் கான் ஹொய்யில் மழைக்காலம் வந்தால் சுவரே வியர்க்கும். எதிர்வீட்டில் இரண்டு லேப்டாப் அப்படித்தான் போயின. அதனால் நான் சொன்னதை நம்பியதில் உங்கள் மேல் பிழை இல்லை.

நஸீம் உங்கள் மாமாவுக்கு ஓதிய பாத்திஹா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சத்தம் போடவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "மாமி, இதுல ஒரு கோளாறும் இல்லையே" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தப் பதவிசுக்காகவே சொல்லத் தோன்றுகிறது.

பக்கவாதம் வந்து உங்கள் மாமாவுக்குப் பேச்சும் வலது கையும் போனபோது இந்த லேப்டாப்பை அனுப்பிவைத்தது நீங்கள்தான். இடது கை விரலால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். அது பிரெஞ்சுக்காரி ஒருத்தியின் குரலில் படித்துக் காட்டும். "மதார், தண்ணி" என்று அவள் என்னை அதிகாரம் செய்வதைக் கேட்டு நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம். சிரித்தால் அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணும், எச்சில் வழியும். நான் துடைத்துவிடுவேன். அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நீங்களும் நஸீமும் போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சுக்காரி சொன்னாள்: "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

பிரான்சில் நீங்கள் இருக்கும் லியோனில் பேச்சுப் பயிற்சி தரும் ஆஸ்பத்திரி இருக்கிறது, வாப்பா மறுபடி பேசலாம் என்று நஸீம் ஆசை காட்டியிருந்தாள். அவருக்குக் காரைக்கால் வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்கு வியட்நாம் காகிதம்தான். "உம்மாவுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவர் சரியென்று தலையாட்டினார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அது எனக்கு வலித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

சைகோன் விழுந்த மறுவருஷம், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். எங்களுக்கு அப்போது நிக்காஹ் ஆகவில்லை. வீட்டார் எல்லாரும் ஏறிப்போக, அவர் மட்டும் எனக்காக இங்கேயே தங்கிவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன் இந்த வயதில் என்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்றால், அது அவர் பேச்சாக இருக்க முடியாது. நோய்தான் பேசுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

டோங் டு தெரு விடுதியில் நான் வரவேற்பு மேஜையில் இருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு விருந்தாளி கம்ப்யூட்டரின் வலது பக்க ஷிஃப்ட் பொத்தானில் கையை ஊன்றியபடி அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஏதோ கேள்வி வந்தது, சரி என்று தட்டிவிட்டார். அதன்பிறகு பொத்தானை நிதானமாக அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுந்தது. கை நடுங்குகிறவர்கள் தவறுதலாக வேறு எழுத்தைத் தொட்டாலும் விழாமல் இருக்க வைத்திருக்கும் வசதியாம். உங்கள் மாமாவின் விரலோ எந்தப் பொத்தானிலும் நிலைத்து நிற்காது. அவர் அயர்ந்திருந்த நேரம் பார்த்து நான் அந்த ஷிஃப்டை அழுத்திப் பிடித்தேன், வந்த கேள்விக்குச் சரி என்று தட்டினேன்.

மறுநாளிலிருந்து நீங்கள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். அணைத்துப் போட்டேன். கவிழ்த்துத் தட்டினேன். பல் துலக்கும் பிரஷால் இடுக்கெல்லாம் சுத்தம் செய்தேன். வேறு கீபோர்டு வாங்கிச் செருகச் சொன்னீர்கள். செருகினேன், அதிலும் எழுத்து விழவில்லை. புதுக் கீபோர்டும் கூடவே கெடுமா என்று உங்களுக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். உள்ளே போர்டு போயிருக்கும், கடையில் கொடுங்கள் என்றீர்கள். கொடுத்ததாகவும், அரைகுறையாகச் சரிசெய்து தந்ததாகவும் சொன்னேன். இத்தனைக்கும் நடுவில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நஸீம், "வாப்பா, நீங்களே சொல்லுங்க, டிக்கெட் போடட்டுமா?" என்று கேட்டாள். போனை அவர் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, லேப்டாப்பை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அழுத்தினேன். "நான் வரல. உம்மாவோட இங்கயே இருக்கேன்" என்றாள் பிரெஞ்சுக்காரி. அவர் தலையை இப்படியும் அப்படியும் உலுக்கினார்.

"வாப்பா ஏன் அழுவுறாங்க?"

"ஒன்னப் பாத்த சந்தோஷம்மா" என்றேன். நீங்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அந்த வசதியில் பொத்தானைத் தொடும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம் வரும். அவர் சோர்ந்துவிடவில்லை, பகலெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பார். எழுத்து வராது, டிக் மட்டும் வரும். அடுப்படியில் வேலையாக இருக்கும்போது எனக்கு அது ஒரு துணையாக இருந்தது.

அன்று மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். டிக் டிக் என்று வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. நாற்காலி சுவரில் இடித்தது. அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று எனக்குப் புரிந்தது. காதில் எதுவும் விழவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன், நஸீமிடமும் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அங்கே யாராவது அவர் கையில் நல்ல கீபோர்டு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். மீனைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கமும் சிவந்த பிறகு அடுப்பை அணைத்தேன். அதற்குள் சத்தம் நின்றிருந்தது.

இப்போது லேப்டாப் மூடிக் கிடந்தாலும் மத்தியானமானால் முதுகுக்குப் பின்னால் அது கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அந்த வசதியை அணைத்த பிறகும் நிற்கவில்லை.

இனி இங்கே தனியாக இருக்க வேண்டாம், லியோனுக்கு வந்துவிடுங்கள் என்கிறாள் நஸீம். என்னால் வர முடியாது என்று நீங்களே அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் வந்துவிட்டால், அவர் கூப்பிடும்போது கேட்பதற்கு இங்கே ஒரு ஆள் வேண்டாமா?