செலீன் அக்கா திருப்பிக் கேட்ட பிள்ளைகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ரகுநாதன் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பள்ளிக்கூட அதிபர் அவர்களே, அக்காவின் கணவர் ஜனார்த்தன் அண்ணை, மகள் நிலாணி, கதிரை கிடைத்து இருப்பவர்களே, கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்பவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை ரகுநாதன் ஐயா எனக்குப் போன் எடுத்து, "அன்புராசா, ஞாயிற்றுக்கிழமை செலீனோட இரங்கல் கூட்டம். உங்ககிட்ட ஒண்ணு எதிர்பார்க்கிறோம்" என்றார். நான் உடனே, "ரோல்ஸ் எத்தனை வேணும் ஐயா, மட்டனோ மரக்கறியோ?" என்று கேட்டேன். பிறகு ஐயா மெல்ல, "ரோல்ஸ் இல்லை அன்புராசா. நீங்க பேசணும்" என்றார். டேக் அவுட் சாப்பாட்டுக் கடைக்காரனான என்னிடம் இதுவரை யாரும் பேச்சுக் கேட்டதில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். படிப்பும் எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் முழு எட்டு இல்லை. ஆகவே பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமதி செலீன் ஜனார்த்தன் அவர்கள் எங்கள் பள்ளிக்கூடப் பெற்றோர் சபையின் தலைவி. பகலில் ஆய்வுகூடத்தில் நோயாளர்களிடம் இரத்தம் எடுப்பார். பின்னேரத்தில் எங்களிடம் எடுப்பார். ஊசி போடும்போது, "நோகாது, அங்கால பாருங்கோ" என்று சொல்வாராம். அதே வார்த்தையைச் சொல்லித்தான் சபைக்கும் ஆள் பிடிப்பார். ஒரு கூட்டத்துக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வர இருந்தேன். "நோகாது அன்புராசா, இதில இரு" என்றார். எழும்பி வரும்போது நான் உப தலைவர்.

அவர் எங்களுக்கு என்னதான் செய்யவில்லை? ஊரிலிருந்து புதிதாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய தாய்மாருக்கு, பள்ளிக்கூட வாகனத் தரிப்பிடத்தில் பனிக்குள் நின்று, பிள்ளைகளின் புள்ளி அறிக்கையை வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தவர் யார்? ஜிம்முக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த அறையைக் கேட்டு வாங்கி, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியையோடு ஒரு வகுப்பைத் தொடங்கவைத்தவர் யார்? அட்சயா என்ற சின்னப் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது ஆங்கிலத்தில் தன் பெயரைத் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாது. அந்த வகுப்பில் இருந்த பிறகு, பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே போனதாகத் தாய் சொன்னார். சாரதி திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லையாம்.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் என்ன செய்தோம்? விட்டுவிட்டுப் போனோம்.

மாகாணப் பரீட்சை முடிவுகள் வந்ததும் எங்கள் சனம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதைவிடக் கவனமாகப் பள்ளிக்கூடங்களின் ஸ்கோரைப் பார்க்கும். எங்கள் பள்ளிக்கூடம் கொஞ்சம் இறங்கியது. உடனே, ஸ்கோர் கூடிய பக்கத்து ஊரான யூனியன்வில்லில் யாருக்கு மச்சான் இருக்கிறார், யாருக்குச் சகலன் இருக்கிறார் என்று தேடத் தொடங்கினோம். அவர்களின் வீட்டு முகவரியைக் கொடுத்து, அங்கே பள்ளிக்கூடங்களை நடத்துவது வேறு கல்விச் சபை என்றாலும், பிள்ளைகளை அங்கே சேர்த்தோம். இன்றைக்குக் காகிதத்தின்படி என் மச்சான் வீட்டில் ஒன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். மச்சானுக்குப் பிள்ளையே இல்லை.

அந்த ஒன்பதில் ஒன்று என் மகன் பிரசாந். உப தலைவர் பதவியை நான் விடவில்லை. பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு இது தெரியாதா? எல்லாம் தெரியும். ஒருமுறை பள்ளிக்கூட நூலகத்தில் எங்களை இருத்திவைத்து விளங்கப்படுத்தினார். "பிள்ளை போனா, அந்தப் பிள்ளைக்கெண்டு வாற காசும் பின்னால போகும். காசு போனா ரீச்சர் போவா. ரீச்சர் போனா மார்க் போகும். மார்க் போச்செண்டு இன்னும் ரெண்டு பேர் போவியள். பிறகு என்னட்டையே வந்து, பள்ளிக்கூடம் சரியில்லை அக்கா எண்டுவியள்." நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். நான் கை தட்டியதாகவும் ஞாபகம்.

யார் போனோம்? கார் வைத்திருந்தவர்கள் போனோம். மச்சான் வைத்திருந்தவர்கள் போனோம். யார் மிஞ்சினார்கள்? காரும் இல்லாமல், மச்சானும் இல்லாமல், நேற்று வந்து நிலக்கீழ் வீடுகளில் இருப்பவர்களின் பிள்ளைகள் மிஞ்சினார்கள். அந்த வாசிப்பு வகுப்பு யாருக்கு வேண்டுமோ, அவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

கடைசியில் கல்விச் சபையிலிருந்து செய்தி வந்தது. பிள்ளைத் தொகை போதாது, வாசிப்பு வகுப்பை எடுக்கப்போகிறோம், பள்ளிக்கூடத்தையும் இன்னொன்றோடு சேர்ப்பது பற்றி யோசிக்கிறோம் என்றார்கள். அக்கா கல்விச் சபைக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டு வாங்கினார். போன வருடம் மாசி மாதம். "ஒராளும் மிச்சமில்லாம வாங்கோ, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வீடு வீடாகச் சொன்னார். எங்கள் சனத்தைப் பற்றி என்ன குறை சொன்னாலும், கூப்பிட்டால் வரும். பஸ் பிடித்து வந்தோம். மண்டபத்தில் பார்வையாளர் பகுதி முழுக்க நாங்கள்தான். "எங்கள் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிய மட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து முன் வரிசையில் இருத்தினோம்.

வெளியே நல்ல குளிர். உள்ளே சூடு. பிள்ளைகள் குளிர்ச் சட்டையைக் கழற்றினார்கள். உள்ளே எல்லோரும் போட்டிருந்தது ஹூடி. ஒவ்வொரு ஹூடியின் நெஞ்சிலும் யூனியன்வில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பெயர், பெரிய எழுத்தில்.

கல்விச் சபை உறுப்பினர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். பெரியவர்கள் கேட்டால் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் பிரசாந்துக்குப் பழக்கியிருக்கிறேன். எழும்பினான். பெயரைச் சொன்னான். அது மிக நல்ல பள்ளிக்கூடம் என்றும் சொன்னான். கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டே சொன்னான். என் மனைவி தவமணி எட்டி அவனுடைய ஹூடியைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த ரீசேட்டிலும் அதே பெயர்.

சபையோரே, நான் வாழ்க்கையில் பலமுறை அவமானப்பட்டவன். பெரும்பாலும் என் வாயால். அன்றைக்குப் பட்டது வேறு. எங்களுக்காகப் பேச எழும்பி நின்ற பெண்ணை நாங்கள் முன் வரிசையில் இருந்தே விழுத்திப்போட்டோம்.

அக்கா என்ன செய்திருக்கலாம்? பேசாமல் இருந்திருக்கலாம். திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அவர் கையிலிருந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். "இவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். எங்கள் மேல் நம்பிக்கை போனதால் விடிய முன் எழும்பிக் காரில் தூரம் போகிறார்கள். வாசிப்பு வகுப்பை எடுத்தால் இன்னும் போவார்கள். எனக்கு ஒரு வருடம் தாருங்கள். நான் இவர்களைத் திருப்பிக் கொண்டு வருகிறேன்."

கொடுத்தார்கள். ஒரு வருடம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா நடுவால் நடந்து வந்து, "எல்லாரும் சாப்பிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் எங்களுக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்கு வருவார்.

"அன்புராசா, பிரசாந்தை எப்ப கொண்டு வாறாய்?"

"பாப்பம் அக்கா."

"நீ பாத்துக்கொண்டே இருக்கிறாய். உனக்குக் கண்ணாடி வேணும்."

"அவனுக்கு அங்க சிநேகிதங்கள் அக்கா. ஜிம்மும் பெரிசு. ஸ்கோரும் நல்லம்."

"உன்ர மகன் கெட்டிக்காரன்தானே? அவன் இஞ்ச வந்து சோதினை எழுதினால் எங்கட ஸ்கோரும் நல்லம். எங்களுக்கு அவன் வேணும்."

"அப்ப உப தலைவர் வேண்டாமோ?"

"உப தலைவரால ஒரு பிரயோசனமும் இல்லை. மகனைத் தா."

நான் சிரித்தேன். ஒரு ரோல்ஸைக் கையில் கொடுத்து அனுப்பினேன். இங்கே இருக்கும் எத்தனை பேர் வீட்டு வாசலுக்கு அவர் வந்தார்? எத்தனை பேர் தேத்தண்ணி கொடுத்து, "பாப்பம் அக்கா" என்று அனுப்பினோம்? கை தூக்கச் சொல்லவில்லை. கை தூக்குவதில் எங்களுக்குப் பழக்கம் அதிகம். சிலர் திருப்பிக் கொண்டு வந்தார்கள், உண்மைதான். அவர்களைச் சொல்லவில்லை. மற்றவர்கள் நிலத்தைப் பார்க்கிறீர்கள், எனக்கு மேலே நின்று பார்க்க நன்றாகத் தெரிகிறது. நான் இந்த மேடையில் நிற்பதால் எனக்குப் பார்க்க நிலமும் இல்லை.

தை மாதம் ஒரு காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் செலீன் அக்காவின் இதயம் நின்றுவிட்டது. ஐம்பத்தொரு வயது. கேட்டு வாங்கிய வருடம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்தோம். கார் விட இடமில்லை. அழுதோம், பொய்யாக அழவில்லை. அங்கே அட்சயாவின் தாய் என்னைத் தேடி வந்தார். "அண்ணை, இனி ஆர் போய் கல்விச் சபையோட கதைப்பினம்? வாசிப்பு வகுப்பு இருக்குமோ?" என்று கேட்டார். பழக்க தோஷம், நான் "பாப்பம்" என்றேன். அவர் "சரி அண்ணை" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். என்னை நம்பிக்கொண்டு போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரில் வரும்போது தவமணி கண்ணைத் துடைத்துவிட்டு, "அழுதது காணும். இவனை இஞ்ச பதிஞ்சுபோட்டு வாங்கோ" என்றாள். பின்னால் இருந்த பிரசாந், "ஓகே, ஆனா ஹூடியை நான் குடுக்கமாட்டன்" என்றான். வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். ஒரு வருடம் அக்காவை அலையவிட்ட விஷயம், மூன்று சிக்னலுக்குள் முடிந்துவிட்டது.

நிலாணி, உன் அம்மா எங்களிடம் கேட்டது பூமாலை இல்லை, இந்தப் படத் திறப்பும் இல்லை. எங்கள் பிள்ளைகளைக் கேட்டார். நீ ஒரு நாளும் வேறு பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டாம் வகுப்புக்கு வந்தும் இங்கேதான் இருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்: பங்குனியில் கல்விச் சபை திரும்பக் கூடும்போது அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நான் போய் நிற்கிறேன். என் ஆங்கிலத்துக்கு அவர்கள்தான் பயப்பட வேண்டும். வாசிப்பு வகுப்பு வேண்டும் என்று கேட்பேன். கேட்பதற்குத் தகுதி வேண்டும் என்றால், முதலில் என் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும். இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதே கணக்குத்தான். பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அக்காவுக்குச் செய்யும் அஞ்சலி அலுவலக நேரத்தில் மட்டும்தான் செய்யலாம், காலை எட்டரையிலிருந்து.

நான் வெள்ளிக்கிழமையே போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் மிக நல்லவர், மகன் திரும்பி வருவது சந்தோஷம் என்றார். இந்தப் பகுதியில் குடியிருப்பதற்கு ஏதாவது அத்தாட்சி காட்டச் சொன்னார். நான் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்தேன், யூனியன்வில். வங்கிக் கடிதம், யூனியன்வில். போன் பில், காப்புறுதி, பிரசாந்தை அங்கே சேர்க்க மாற்றிய எல்லாம் மச்சான் வீட்டு முகவரி, யூனியன்வில். நாங்கள் இருக்கும் வீடு வாடகை, அதற்கும் எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப் பேச்சுத்தான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஜன்னலால் காட்டினேன். தெருவுக்கு எதிர்ப் பக்கம், பச்சைக் கதவு. தவமணி வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றாள். அவர் பார்த்தார். வீடு வடிவாக இருக்கிறது என்றார். பிறகு, யூனியன்வில் பள்ளிக்கூடங்களில் பதிவது எப்படி என்று சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்து அனுப்பினார்.