மச்சான் காத்திருந்த பாறை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். கத்தி பிடித்த இந்தக் கை விளங்காமல் போகட்டும். சத்தியம் போதுமா? போதாதென்றால் இன்னும் கைவசம் இருக்கிறது.

நீங்கள் கொடுத்த நாற்காலி நல்ல நாற்காலிதான். தலை சாய்க்கத்தான் ஒன்றும் இல்லை. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். என் கடையில் தலை சாய்த்தவர் யாரும் கதை கேட்காமல் எழுந்து போனதில்லை. கழுத்தில் துணி கட்டி, தாடையில் நுரை பூசி, கத்தியையும் வைத்துவிட்டால் எவனும் குறுக்கே பேசமாட்டான். அப்படி ஒரு சபை பெரிய பேச்சாளனுக்கும் வாய்க்காது.

குறுக்கே பேச ஒரே ஒருவர் இருந்தார். என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் கடைக்கு வந்து, ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரிப்பார். நான் மலையில் கரடியைப் பார்த்த கதையை எடுப்பேன். கரடி எழுந்து நிற்கும். நான் அதன் கண்ணை நேராகப் பார்ப்பேன். கேட்கிறவரின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கும். அந்த நேரம் பார்த்து, தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே, "ஆடு" என்பார்.

"என்ன மச்சான்?"

"கரடி இல்லே மாப்பிள்ளை, ஆடு. அதுவும் கட்டிப்போட்டிருந்த ஆடு."

முடி திருத்துவது என் தொழில். என்னைத் திருத்துவது அவர் தொழில். கோபமே படமாட்டார். அதுதான் கஷ்டம். கோபப்படுகிறவனோடு சண்டை போடலாம். அளவு சொல்கிறவனை என்ன செய்வது?

எங்களுக்குப் பொதுவாக இருந்தது மலை ஒன்றுதான். அடிவாரத்து வாயிலில் கிளம்பினால் சுற்றி ஏறி, சுற்றி இறங்கி, பொழுது சாயும்போது அதே வாயிலுக்கு வந்து சேரும் பாதை. கோடைக்குக் கோடை போவோம். இடப்பக்கமாய் ஏறுவதுதான் சுலபம் என்று அவர் அளந்து சொன்னார். வலப்பக்கம்தான் என்று நான் அளக்காமல் சொன்னேன். இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. ஆகவே அவர் இடமாய்ப் போவார், நான் வலமாய்ப் போவேன். உச்சியில் ஒரு தட்டைப் பாறை. அங்கே சந்தித்து, ஓடையில் தண்ணீர் எப்படி, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று அவரவர் பக்கத்துச் சேதியைச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு நடப்போம்.

அந்த மலையில் கோடைக்கு வாக்குச் சுத்தம் கிடையாது. காலையில் முதுகு பொரியும். மதியம் ஆலங்கட்டி விழும். அதனால் மச்சான் ஒரு விதி வைத்திருந்தார்: முதலில் வந்தவர், மற்றவர் வரும்வரை பாறையைவிட்டு நகரக்கூடாது.

"செத்தாலுமா?" என்று ஒருதரம் கேட்டேன்.

"செத்தா எப்படி நகர்றது?" என்றார்.

இந்தக் கோடையில் கடைக்கு ஒரு புது ஆள் வந்தார், பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்கு என் சிறந்த கதையைச் சொன்னேன். ஒரு வருஷம் ஆலங்கட்டி மழையில் மச்சானுக்குக் கணுக்கால் பிசகி, அவரை முதுகில் சுமந்து அடிவாரம்வரை இறங்கிய கதை. சொல்லச் சொல்ல எனக்கே முதுகு வலித்தது.

"மாத்திச் சொல்றீங்க மாப்பிள்ளை," என்றது பெஞ்சு. "தூக்கினது நான். முதுகுல இருந்தது நீங்க."

ஆசிரியர் நுரைக்குள்ளிருந்தே குலுங்கிச் சிரித்தார். கத்தி வழுக்கிக் கன்னத்தில் கீறிவிட்டது. என் கத்தி பார்த்த முதல் ரத்தம் அது. எனக்குக் கோபமில்லை. பஞ்சு வைத்து அழுத்தினேன், படிகாரம் தடவினேன், மன்னிப்பும் கேட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மலைக்குப் போனோம். காலையில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "மேலே பார்ப்போம் மாப்பிள்ளை" என்று அவர் எப்போதும்போல் தோளில் கயிற்றுச் சுருளோடு இடப்பக்கம் போனார். நான் வலப்பக்கம் ஏறி ஓடைவரைக்கும் போய், ஒரு கல்லில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். உச்சிக்குப் பின்னால் சாணைக்கல் நிறத்தில் மேகம் எழுந்தது. மச்சான் வேகமாக நடப்பவர். இந்நேரம் பாறைக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன். மழை வந்தாலும் நகரமாட்டார் என்று நினைத்தேன். கையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, வந்த வழியே இறங்கினேன்.

அவ்வளவுதான். தள்ளவில்லை, அடிக்கவில்லை. தன் காலால் மலை இறங்குவது எந்தச் சட்டத்தில் குற்றம்?

நான் வாயிலுக்கு வரவும் ஆலங்கட்டி பிடிக்கவும் சரியாக இருந்தது. காவலுக்கு இருக்கும் அம்மா மழைக்கோட்டோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் மீட்பு ஆட்கள் கயிறும் தூக்குப்படுக்கையுமாக ஜீப்பில் ஏறியிருந்தார்கள்.

"மேலே யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா பெரியவரே? ஓடை பெருகிட்டா அப்புறம் யாரும் ஏற முடியாது. உங்க மச்சான் எங்கே?"

"அவரா? முட்டி வலின்னு பாதியிலேயே திரும்பிட்டாரு. அந்தப் பக்கமா குறுக்குவழியில இறங்கி, இந்நேரம் வீட்ல குறட்டை விட்டுக்கிட்டிருப்பாரு."

"நிச்சயமா?"

பழக்கதோஷம், யாராவது திருத்துவார்கள் என்று காத்திருந்தேன். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழும் சத்தம்தான் கேட்டது.

"நிச்சயமா," என்றேன்.

"அப்பாடா" என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆட்களை இறங்கச் சொல்லிவிட்டு, எனக்குச் சூடாக டீயும் கொடுத்தார். என் ஆயுசில் நான் சொன்ன கதை ஒன்று, கை கால் முறியாமல் முழுசாக நின்றது அப்போதுதான். உண்மையைச் சொன்னால், டீ நன்றாக இருந்தது.

வீட்டில் என் மனைவி நனைந்த துணியைக் கூடத்துக் கயிற்றில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எங்கே?"

"மழை விடட்டும்னு அடிவாரத்து விடுதியில உட்கார்ந்திருக்காரு. வந்துடுவாரு."

"நனைஞ்சிட்டு வருவாரே. வெந்நீர் போட்டு வைக்கட்டுமா?"

"போடு," என்றேன்.

போட்டாள். ஆறியது. மறுபடி சுடவைத்தாள். மூன்றாம் தடவை சுடவைக்கும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே நான்தான் கொன்றேன் என்று உங்கள் ஸ்டேஷன் ஏட்டில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஏற வேண்டியவன் ஏறவில்லை. ஏறத் தயாராக இருந்தவர்களையும் இறக்கிவிட்டேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால் பாதிப் பழி அந்த மனிதர் பிடிவாதத்துக்கு. தலையில் ஐஸ் விழுகிறது; எழுந்து நடக்க வேண்டியதுதானே? மாட்டார். விதி விதிதான் என்பார். மாப்பிள்ளை தாமதமாக வந்தால் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்ல வேண்டாமா? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, என்னைத் திருத்தக் காத்திருந்தே விறைத்துப்போனார். பிறர்க்காக ஓர் அங்குலம் நகராத மனிதருக்கு அப்படித்தான் முடியும்.

ஆள் எங்கே கிடைத்தார் என்று கேட்கிறீர்கள். பாறையில் இல்லை, நான் ஏறி வரவேண்டிய வலப்பக்க வழியில், தவறி விழுந்தவனைத் தேடுகிறவரைத் தவிர யாரும் இறங்காத பள்ளத்தில், ஒரு முனை மேலே மரத்திலும் மறுமுனை தன் இடுப்பிலுமாகக் கட்டிய கயிற்றோடு கிடந்தார்.