எந்தத் தெரு என்று கேட்டேன்

எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் நேராகப் பெண் வீட்டுக்குப் போகமாட்டார்கள். முதலில் என் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். தண்ணீர் கொடுத்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று விசாரித்து, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்துவிடுவேன். பெண் தங்கம், அம்மாக்காரிக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறது, ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி வேறு வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் நான் சொல்லி நடந்த கல்யாணங்கள் உண்டு. நான் சொல்லி நின்றுபோனவை அதைவிட அதிகம். நின்றுபோனதற்கு அந்தக் குடும்பங்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, போகட்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நீங்கள், நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடுங்கள் அகிலா மேடம் என்று மரியாதையாகக் கேட்டீர்கள். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன். இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

இருபத்திரண்டு வருஷம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி ஆபீசில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கவாதம் வந்து சாய்ந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அவருக்காக வேலையை விட்டேன். அப்புறம்தான் ஒருநாள் குமரகுரு வந்தார். எங்கள் பள்ளியில் படித்தவர், இப்போது மானேஜர். ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்கு இங்கிருந்து நர்ஸ்களை எடுக்கும் கம்பெனி. விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரே படித்து மதிப்பெண் போட்டுவிடுமாம். ஆனால் ஐரோப்பாவில் சட்டம் வந்துவிட்டதாம். ஆட்களுடைய பிழைப்பைத் தீர்மானிக்கிற இயந்திரத்தைத் தனியே விடக் கூடாது, அதற்கு மேலே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும், அது சொன்னதை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும் என்று.

"மூணு ஹியூமன் வேணும் மேடம். இங்கிலீஷ் தெரியணும், ஆளுங்களைப் பத்தியும் தெரியணும். இந்த ஊர்ல உங்களை வுட்டா யாரு?" என்றார்.

ஆபீஸ் செவிலிமேட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. எங்களுக்கு மேலதிகாரி ஜீவிதா என்று ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். தினமும் காலையில் உங்கள் ஆபீசுக்குப் போனில் கணக்குச் சொல்வாள். "ரெண்டு ஹியூமன் வந்துட்டாங்க, ஒரு ஹியூமன் பஸ்ல வந்துக்கினு இருக்காங்க." மனுஷியாகப் பிறந்து ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து, அதையே ஒரு உத்தியோகமாகக் கொடுத்தது நீங்கள்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தீர்கள். இரண்டாம் நாள் காலை முழுக்க ஒரே பாடம். இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது மனித இயல்பு, அதற்கு இடம் கொடுக்காதீர்கள், நீங்களே யோசியுங்கள். நான் அதை நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்தேன். மற்ற இரண்டு பேரும் வந்த விண்ணப்பத்துக்கெல்லாம் 'சரி' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். உங்கள் பயிற்சியை மதித்தவள் நான் ஒருத்திதான்.

உங்கள் இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று விண்ணப்பத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டீர்கள். போட்டோ, முகவரி, தகப்பனார் தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். ஓர் எண், படிப்பு, அனுபவம், ஜெர்மன் பரீட்சை, கடைசியில் நூற்றுக்கு இத்தனை. நல்ல எண்ணம்தான், நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு ஜாதகத்தை எங்கள் தெருவுக்கு எடுத்து வந்தால் அதை யாரும் கையில்கூட வாங்கமாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் விண்ணப்பித்தவர்களைப் போனில் கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. அந்தப் பொத்தானை மற்ற இரண்டு பேரும் தொட்டதே இல்லை. நான் தினமும் கூப்பிட்டேன்.

"எந்த ஊரும்மா? வாலாஜாபாத் பக்கமா? தென்னேரியா? பெரிய ஏரியாச்சே. ஏரிக்கரையில எந்தத் தெரு?"

பிள்ளைகள் பூரித்துப்போவார்கள். ஜெர்மனி ஆபீஸ்காரம்மா நம் ஊர் ஏரியைத் தெரிந்துவைத்திருக்கிறார்களே என்று.

"ஊருக்குள்ள இல்ல மேடம். அந்தாண்ட, காலனி."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்லா இரும்மா என்று சொல்லித்தான் வைப்பேன்.

மாற்றியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் சாதி, மதம் எழுதக் கூடாது என்றீர்கள். எழுதியதில்லை. தேடிப் பாருங்கள், ஒரு வரியிலும் இருக்காது. 'குளிர்நாட்டில் நிலைத்து இருப்பது சந்தேகம்.' 'பேச்சில் தன்னம்பிக்கை போதவில்லை.' 'குடும்பப் பொறுப்புகள் அதிகம்.' என் குறிப்புகளை ஜெர்மனியில் ஒரு கூட்டத்தில் திரையில் போட்டு, மனித மேற்பார்வை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார்களாம். ஜீவிதா கீழிருந்து கேக் வரவழைத்தாள். முதல் துண்டை என் வாயில்தான் ஊட்டினாள்.

திரிஷாவைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். வருகிறேன்.

ஆட்டோ ஓட்டுகிற முனிரத்தினத்தின் பெண். அம்மா வடிவுக்கு மூச்சுத் தொந்தரவு. பெண் நர்சிங் முடித்துவிட்டு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மத்தியான ஷிப்ட் பார்க்கிறாள். காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வருவாள். பின்பக்கமாக வருவாள், குழாய் அங்கேதான் இருக்கிறது. என் வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, மூத்திர டியூப் மாற்றி, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டுப் போவாள். படுத்த படுக்கையாக நாலு வருஷம், அவர் முதுகில் ஒரு புண் இல்லை. இதைத் தெரு முழுக்கச் சொன்னவளே நான்தான்.

ஜெர்மன் படிக்க ஆரம்பித்ததும் அவரை வைத்துத்தான் ஒப்பிப்பாள். "கூட்டன் மோர்கன் ஐயா. இது ஷுல்டர். இது ஆர்ம். திரும்புங்க பாக்கலாம்." அவருடைய இடது உதடு லேசாக ஏறும். "எங்க கிளாஸ்லயே ஐயாதான் ஆன்ட்டி நல்ல ஸ்டூடண்ட். எதிர்த்துப் பேசறதே இல்ல" என்பாள்.

என்னிடம் எல்லாம் சொல்வாள். அம்மாவுக்கு மூச்சு முட்டும்போது தனக்குக் கை நடுங்குகிறது என்பதை, விமானம் என்றாலே பயம் என்பதை, போனால் திரும்பி வருவோமா என்று சில நாள் அழுகை வருகிறது என்பதை. வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. விண்ணப்ப எண்ணையும் சொன்னாள். அவர் கட்டிலுக்கு எதிரே இருக்கும் காலண்டரில் பேனாவால் பெரிதாக எழுதிவைத்தாள். "நீங்க உங்க காமாட்சிகிட்ட சொல்லுங்க, நான் எங்க ஏசப்பாகிட்ட சொல்றேன். யாரு மொதல்ல கேக்கறாங்கனு பாப்போம்."

நான் எந்தக் கம்பெனியில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆபீஸ் விஷயம் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தீர்கள். என் ஆயுசில் நான் வெளியே சொல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

முதல் தடவை உங்கள் இயந்திரம் அவளுக்கு எண்பத்து நாலு போட்டது. 'இவரை உங்களுக்குத் தெரியுமா' என்று ஒரு கேள்வி வரும். தெரியும் என்றால் வேறொருவருக்குப் போய்விடும். தெரியாது என்று போட்டேன். அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். காரணத்தில், தாயாரின் உடல்நிலையால் பாதியில் திரும்பிவிடக்கூடும், மன உறுதி குறைவு, பயண அச்சம் என்று எழுதினேன். எல்லாம் அவளே சொன்னது. ஒரு வார்த்தை பொய் இல்லை. அவளுக்கு மட்டும் நான் போன் போடவில்லை. தெரு தெரிந்ததுதானே.

இரண்டாம் தடவை எண்பத்தெட்டு. மூன்றாம் தடவை, ஜெர்மனில் பெரிய பரீட்சை தேறின பிறகு, தொண்ணூற்றொன்று. மூன்று முறைக்கு மேல் விண்ணப்பம் போட முடியாது என்பது உங்கள் விதி, என் விதி இல்லை.

மூன்றாவதை ஒரு சனிக்கிழமை வீட்டில், லேப்டாப்பை அவர் கட்டிலோரம் வைத்துக்கொண்டு செய்தேன். அவர் பட்டுச்சேலையில் புட்டாப் பூ போடுவதில் பேர்போனவர். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று தப்பினாலும் பார்த்துவிடும் கண். திரையைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று மத்தியானத்திலிருந்து நான் ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயைத் திறப்பதில்லை. திரிஷா ஊட்டினால் சாப்பிடுகிறார். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படிப் பிடிவாதம் வருமாம், கேள்விப்பட்டிருக்கிறேன்.

அந்த ஐரோப்பாச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லப்பட்டவர், ஏன் என்று கேட்டால் விளக்கம் தர வேண்டுமாம். பயிற்சியில் சொல்லியிருப்பீர்கள், எனக்கு நினைவில்லை. அவள் கேட்டாள். உங்களிடமிருந்து கடிதம் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். தன் இங்கிலீஷ் மேல் அவளுக்குச் சந்தேகம்.

"படிச்சுச் சொல்லுங்க ஆன்ட்டி. நான் சரியாத்தான் புரிஞ்சிக்கினேனா?"

படித்தேன். 'இயந்திரம் மூன்று தடவையும் உங்களைப் பரிந்துரைத்தது, மனித மேற்பார்வையாளர் அதை மாற்றினார்' என்று இருந்தது. தாயாரின் உடல்நிலை என்ற வரி வந்ததும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிட்டேன்.

"அப்போ மெஷின் என்னை எடுத்துக்கிச்சு. மனுஷங்கதான் வேணாம்னுட்டாங்க" என்றாள். அழவில்லை. கடிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். "போனாப் போவுது ஆன்ட்டி. எங்கியோ உக்காந்துக்கினு இருக்கறவங்க, பாவம், அவங்களுக்கு என்னைப் பத்தி என்னா தெரியும்."

அப்புறம் கை கழுவிக்கொண்டு வந்து அவரைப் புரட்டினாள். அன்று ஷுல்டர், ஆர்ம் எதுவும் சொல்லவில்லை. அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாய் கோணக் கோண ஏதோ சொல்லப் பார்த்தார். "என்னா ஐயா, என்னா வேணும்?" என்று குனிந்து காதைக் கொடுத்தாள். தண்ணீர் கேட்கிறார் என்று நான் சொன்னேன். அவள் போய்க் கொண்டுவந்தாள்.

இப்போது நீங்கள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறீர்கள். நான் மாற்றியது நாற்பத்து மூன்று பேர், அதில் நாற்பத்தொரு பேர் காலனிப் பிள்ளைகள் என்கிறீர்கள். இருக்கலாம். எண்கள் எனக்கு மறந்துபோயின, தெருக்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. வேண்டுமானால் வரிசையாகச் சொல்கிறேன். இயந்திரத்தைப் பலமுறை சோதித்தீர்களாம், அதில் பாரபட்சமே இல்லையாம். நல்லது. விசாரிக்கத் தெரியாத ஒன்றிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

திரிஷா போயிருந்தால் காலை ஏழு மணிக்கு அவரை யார் புரட்டுவது என்று நான் நினைத்தேனா என்று கேட்டீர்கள். நினைத்தேன். மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. ரெண்டு வருஷம் கழித்து ஜெர்மனியிலிருந்து கோட்டும் சூட்கேசுமாக வந்து இறங்கினால், பின்பக்கமாக வாம்மா என்று அவளிடம் எப்படிச் சொல்வது? முன்வாசலில்தான் வந்து நிற்பாள். தெருவே பார்க்கும். அவளுக்கே சங்கடம். அந்தச் சங்கடத்தை அவளுக்கு வைக்க வேண்டாம் என்றும்தான் நினைத்தேன்.

அவள் மேல் எனக்கு வன்மம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால், அது மட்டும் அநியாயம். என் வீட்டுக்கு வந்து பாருங்கள். சமையலறை அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் பாத்திரம் அத்தனையிலும் என் மாமியார் பெயர்தான் பொறித்திருக்கும். என் பெயர் ஒரு கரண்டியில்கூட இல்லை, நான் பெற்ற மகள் பெயரும் இல்லை. ஒரே ஒரு டம்ளரில்தான் திரிஷா என்று இருக்கிறது. பாத்திரக்கடையில் நின்று, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லி, நானே பொறித்து வாங்கினேன். குழாயடி மாடத்தில் அவளுக்கென்றே தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், மறந்துபோய்க்கூட வீட்டில் வேறு யாரும் அதில் குடித்துவிடக் கூடாதே என்பதற்காக.